காணிக்கையாகும் கேசம்: ஆடவர் நீள்முடி வாழ்ந்ததும் மறைந்ததும்

மூவார் நதி மலாக்கா நீரிணையோடு கலக்கும் பண்டார் மகாராணி நகரிலும் அதனைச் சூழ்ந்த பாக்ரி, பஞ்சோர், பாகோ, புக்கிட் பாசீர் வட்டாரங்களிலும் காவடித் திருநாள் நெருங்கிவிட்டது என்பதை அறிவிப்பது கொடியேற்றம் மட்டுமன்று. ஆலயத்தின் பின்புறம் தண்ணீர்க் குழாய்க்கு அருகே போடப்படும் நாலைந்து மணைப்பலகைகளும் அதனை அறிவிக்கும். காணிக்கைச் சீட்டைக் கையில் பிடித்தவாறு மக்கள் வரிசையில் நிற்பர். தகப்பன் மடியில் அமர்ந்த குழந்தை, கத்தி தலையில் படும் முன்னரே வீறிட்டு அழும். "ஒன்றுமில்லைடா ராசா, முருகனுக்குத்தானே கொடுக்கிறோம்" என்று பாட்டி கையில் மிட்டாயைத் திணிப்பார். சிறிது நேரத்தில் பிஞ்சுத் தலையில் சந்தனம் குளிரும், அழுகையும் ஓயும்.

முடி இறக்குதல் என்னும் இந்நேர்த்திக்கடனை அறியாத இந்துக் குடும்பம் மலேசியாவில் இல்லை எனலாம். ஆயின் ஒரு செய்தியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று மணைப்பலகையில் அமரும் ஆடவர் இறைவனுக்கு அளிப்பது மூன்று விரற்கடைக் கிராப்பு முடியே. திரும்பவும் வளரச் சில மாதங்கள் போதும். அவருடைய பாட்டனோ பூட்டனோ அதே பலகையில் அமர்ந்தபோது அவிழ்ந்து வீழ்ந்தது முதுகு வரை தொங்கிய கூந்தல். பல்லாண்டுகள் எண்ணெயிட்டுச் சீவி முடிந்து போற்றிய குடுமி அது. காணிக்கையின் கனம் அன்று வேறு, இன்று வேறு. தமிழ் ஆடவரின் அன்றாட வாழ்விலிருந்து நீள்முடி எவ்வாறு விடைபெற்றது என்பது கோயிலோடும் அரசாங்கத்தோடும் சினிமாவோடும் பின்னிக் கிடக்கும் கதையாகும்.

மன்னர் பெயரில் குடுமி

ஆடவர் முடிக்கெனத் தமிழில் தனிச் சொற்களே இருந்தன. குஞ்சி, பங்கி, பித்தை, ஓரி எனப் பழைய நிகண்டுகள் அவற்றைப் பெண்டிர் கூந்தலுக்குரிய பெயர்களினின்று பிரித்துக் காட்டுகின்றன. ஒரு பொருள் வழக்கில் இல்லாமல் அதற்கு இத்தனை பெயர்கள் தோன்றா. இன்று இச்சொற்களில் பலவற்றுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியிருப்பதே காலம் மாறியதற்குச் சான்று.

சங்க காலப் பாண்டியருள் வேள்விகள் பல செய்தவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. அவன் பெயரிலேயே குடுமி அமர்ந்துள்ளது. அவன் அளித்த நிலக்கொடையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் உறுதிசெய்த வேள்விக்குடிச் செப்பேட்டை 8ஆம் நூற்றாண்டில் வழங்கிய பாண்டியனின் பெயர் நெடுஞ்சடையன். நீண்ட சடையை உடையவன் என்பதே பொருள். அதன்பின் வந்த பாண்டியர்கள் மாறவர்மன் என்றும் சடையவர்மன் என்றும் மாறி மாறிப் பட்டம் சூடிக்கொண்டனர். திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்த 13ஆம் நூற்றாண்டுச் சுந்தரபாண்டியன் ஒரு சடையவர்மனே. தலைமுடியைப் பட்டப் பெயராகச் சூடிய அரச மரபு உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

முடியைக் களைவதற்கும் அன்று பொருள் இருந்தது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளமையில் களம் புகுந்தவன். அவனைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், சிறுபிள்ளைக்குரிய குடுமியை அப்போதுதான் களைந்தவன் என்று குறிப்பிடுவது புறநானூற்றில் உள்ளது. காலில் கிண்கிணி அகன்று கழல் ஏறியது போல, தலையில் குடுமி அகன்று போர்ப்பூ ஏறியது. பிள்ளைப் பருவத்தைக் கடந்து ஆண்மகன் ஆனதற்கு அதுவே அடையாளமாயிற்று. இன்று குழந்தைக்கு முதல் முடி இறக்கிக் காது குத்தும் பெற்றோர், தாம் அறியாமலே மிகப் பழைய எண்ணம் ஒன்றின் நிழலில் நிற்கின்றனர் என்று கொள்ள இடமுண்டு.

பக்தியுலகில் ஆடவர் முடி செய்த அரும்பணி ஒன்று உண்டு. காளத்தி மலையில் வேடர் குலத்துத் திண்ணனார் சிவலிங்கத்தைக் கண்டு காதலாகி நின்றபோது அவரிடம் பூக்குடலையும் இல்லை, அபிடேகக் குடமும் இல்லை. வாயில் ஆற்றுநீரை நிரப்பினார். கைகளில் இறைச்சியை ஏந்தினார். பூவை எங்கே வைப்பது? பறித்த மலர்களைத் தம் தலைமுடியிலேயே செருகிக்கொண்டு மலையேறினார். அம்முடியினின்று உதிர்ந்த பூக்களையே இறைவன் முடிமேல் சார்த்தினார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரித்துரைத்த இவ்வரலாற்றில் அவ்விறைவனுக்குக் குடுமித்தேவர் என்பது பெயர். மலைக்குடுமியில் எழுந்தருளியவர் என்பதே அதன் பொருள். எனினும் குடுமியில் பூ ஏந்திச் சென்றவருக்குக் குடுமித்தேவரே அருள் புரிந்தார் என்று கேட்கும்போது அடியார்க்கு மனம் நெகிழ்வது இயல்பே. கிராப்புத் தலையில் ஒரு பூவும் நில்லாது.

குடுமி வளர்த்த இறைவன்

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலை என்றொரு தலம் உண்டு. இசை ஆராய்வோர் அதனைப் பல்லவர் காலத்து இசைக் கல்வெட்டுக்காக அறிவர்; அடியார்கள் அறிவது சிகாநாதரை. சிகை என்பது குடுமி. அத்தலத்து இறைவன் குடுமி பெற்ற வரலாற்றை ஊர் மக்கள் இன்றும் சுவைபடக் கூறுவர்.

பூசகர் ஒருவர் இறைவனுக்குரிய மலர்மாலையைத் தம் அன்புக்குரிய மங்கைக்குச் சூட்டிவிட்டார். அந்நேரம் பார்த்து அரசன் எதிர்பாராது ஆலயத்துக்கு எழுந்தருளினான். வேறு வழியின்றி அம்மாலையையே மீட்டு வந்து இறைவனுக்குச் சார்த்திப் பிரசாதமாக அரசனிடம் நீட்டினார். மாலையில் ஒரு நீண்ட மயிர் இருந்தது. "இது யாருடையது?" என்று அரசன் சினந்தான். "நம் இறைவனுக்குக் குடுமி உண்டு, அரசே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் பூசகர். "காட்டும்" என்றான் அரசன். அஞ்சி நடுங்கிய பூசகர் திரையை விலக்க, சிவலிங்கத் திருமேனியில் குடுமி தோன்றிக் காட்சி தந்தது என்பது தலபுராணம்.

பிழை செய்த அடியவனைக் காப்பதற்காகப் பொய்யை மெய்யாக்கிய பெருமான் என்று அடியார்கள் உருகுவர். பூசகர் செய்தது சரியா என்று இளைஞர் சிலர் வினவலாம், வினவட்டும். இக்கட்டுரையின் நோக்கத்துக்கு வேண்டியது வேறொன்று. குடுமியுள்ள ஆண்மகன் என்பது மக்கள் மனத்தில் அத்துணை இயல்பாக இருந்தமையால்தான், இறைவனுக்கும் குடுமி உண்டு என்று சொன்னால் அரசன் உடனே மறுக்காமல் காட்டச் சொன்னான்.

தில்லை நடராசப் பெருமானின் விரிசடை ஆடலின் வேகத்தைக் காட்டுகிறது. கங்கையைத் தாங்கியதும் சடையே. ஆயின் அதே சிவகுமாரன் பழனியில் ஆண்டிக் கோலத்தில் நிற்கிறான். நீள்முடியும் மழித்த தலையும் நம் சமயத்தில் ஒன்றுக்கொன்று பகையல்ல. வளர்ப்பது தவம், இறக்குவது துறவு. இடைநிலையான கிராப்புக்குத்தான் புராணத்தில் இடமில்லை!

கப்பலேறி வந்த தலைகள்

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர் யாவரும் ஒரே தலையோடு வரவில்லை. தோட்ட வேலைக்கு வந்தவர்களில் மிகப் பலர் முன்தலையை மழித்து, பின்முடியை வளர்த்து அள்ளி முடிந்தவர்கள். வட்டித் தொழிலுக்கு வந்த நகரத்தார் தலையை முழுதும் வழித்து, நெற்றியிலும் மார்பிலும் திருநீறு துலங்க, வெள்ளை வேட்டியோடு கிட்டங்கியில் அமர்ந்திருந்ததைப் பழைய நிழற்படங்களில் காணலாம். அவர்கள் சென்ற ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்தனர். மழித்த தலையினர் பழனியாண்டவனை வழிபட்டது பொருத்தமே. எழுத்தர் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தாரில் ஆங்கிலம் கற்றோர் முன்னரே கிராப்புக்கு மாறத் தொடங்கியிருந்தனர். ஆகத் தலையைப் பார்த்தே தொழிலை ஊகிக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்தில் மலாயாவின் துறைமுக நகரங்களில் நீள்முடி தமிழருக்கு மட்டும் உரியதன்று. சீனத் தொழிலாளரும் வணிகரும் நீண்ட பின்னலோடு திரிந்தனர். 17ஆம் நூற்றாண்டில் சீனத்தைக் கைப்பற்றிய மஞ்சு அரசு, குடிமக்கள் அனைவர் மீதும் சுமத்திய பின்னல் அது. மறுத்தோர் தலை இழந்தனர். 1898இல் சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங் போன்ற சீர்திருத்தவாதிகள் பின்னலை நறுக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது சீனச் சமூகமே இரண்டுபட்டது. 1911இல் சீனப் புரட்சி வெடித்த பின்னர்ப் பின்னல் விரைவாக மறைந்தது. மலாய் ஆடவரும் ஒரு காலத்தில் நீள்முடியினரே. தென்கிழக்காசியாவில் 16ஆம் நூற்றாண்டு வரை ஆண் பெண் இருபாலாரும் முடியை நீள வளர்த்தனர் என்றும், இஸ்லாமும் பிற புதிய நெறிகளும் வேரூன்றிய பின்னரே ஆடவர் முடி குறுகியது என்றும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர்.

சீனரின் பின்னல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டது. தமிழரின் குடுமி அவ்வாறன்று. அதனால்தான் பின்னல் ஒரு புரட்சியில் ஒரே வீச்சில் வீழ்ந்தது; குடுமியோ ஒருவர் ஒருவராக, குடும்பம் குடும்பமாக, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மெல்லத் தேய்ந்தது.

தோட்டத்து வாழ்க்கையும் அத்தேய்வுக்குத் துணை செய்தது. விடியலுக்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத்தின் அடியில் குனிய வேண்டும். முடியில் ஒட்டி உலர்ந்த ரப்பர்ப் பாலைச் சீவி எடுப்பது எளிதன்று. தலைத்துணி கட்டியே பலர் காலம் தள்ளினர். நீள்முடிக்கு நல்லெண்ணெயும் சீயக்காயும் வெந்நீரும் ஓய்வும் வேண்டும். லயத்து வாழ்வில் புதன் சனி எண்ணெய் முழுக்குக்கு நேரம் ஏது? பூமராங் போல முதுகு வளைந்து உழைத்தவனுக்குக் கிராப்பு ஒரு நாகரிகமாக வரவில்லை. ஒரு வேலை குறைந்தது என்ற ஆறுதலாகவே வந்தது.

கத்தியும் ஆணையும்

முடியில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை ஆங்கிலேயர் வேலூரில் கற்றனர். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிராடக் 1805 இறுதியில் ஓர் ஆணை பிறப்பித்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும், தோல் பதித்த புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும். இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே கொதித்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் எழுச்சி வெடித்தது. அன்று பொழுது சாய்வதற்குள் இருதரப்பிலும் குருதி பெருகிற்று. கொல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் தொகை நூற்றுக்கணக்கில் இருந்தது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஆணையும் நீங்கியது. எழுச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது மெய்யே. எனினும் பொறி விழுந்த இடம் நெற்றியும் முகமும் தலையுமே.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு வழக்கு எழுந்தது. கிறிஸ்துவ சமயம் தழுவிய தமிழர் குடுமியை அறுத்தெறிய வேண்டும் என்று பாதிரிமாரில் ஒருசாரார் வற்புறுத்தினர். அது இந்து சமயச் சின்னம் என்பது அவர்கள் வாதம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பேராயர் கால்டுவெல் இதனை ஏற்கவில்லை. குடுமி சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கம் என்று அதற்கெனவே தனிக் கட்டுரை எழுதி வாதிட்டார். இந்துவல்லாத ஒருவர் தமிழன் குடுமிக்காக வழக்காடியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அவர் சொன்னதில் பாதி உண்மை. அனைவருக்கும் பொதுவான குடுமி வழக்கமே. சிவாசாரியார்க்கும் வைதிகர்க்கும் உரிய சிகையோ பூணூலோடு ஒருசேர எண்ணப்படுவது, கிரியைக்கு இன்றியமையாதது. சங்கற்பத்தின்போது சிகை முடிந்திருத்தல் வேண்டும். அவிழ்ந்த சிகை துயரத்துக்கோ சபதத்துக்கோ உரியது. நந்தரை வேரறுக்கும் வரை சிகையை முடியேன் என்று சாணக்கியர் சூளுரைத்த கதையை அறியாதார் இலர்.

குடுமியிலும் வகைகள் உண்டு. பின்குடுமியே பெருவழக்கு. சோழியரும் தில்லைவாழ் அந்தணராகிய தீட்சிதர்களும் முன்குடுமி வைப்பர். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்னும் பழமொழி சிரிப்புக்கு உரியதாகிவிட்டாலும், தலையைக் கண்டே ஊரையும் மரபையும் அடையாளம் சொன்ன காலத்தின் எச்சம் அது.

ஆணையால் விழாத குடுமி ஆசையால் விழுந்தது. ஆங்கிலக் கல்வி, அலுவலக உத்தியோகம், தொப்பி, கண்ணாடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காசியில் பயின்ற நாட்களில் சுப்பிரமணிய பாரதியார் குடுமியை விட்டு மீசையும் தலைப்பாகையும் ஏற்றது குடும்பத்தாருக்கு அதிர்ச்சியாக இருந்தது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையோடும் கோட்டோடும் மேடையேறியபோது முணுமுணுத்தோர் பலர். தோடி ராகம் புறப்பட்டவுடன் முணுமுணுப்பு அடங்கியது.

இடையில் நீள்முடிக்கு எதிர்பாராத மறுவாழ்வு ஒன்று கிட்டியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பின்னோக்கி வாரிப் பிடரி வரை தொங்கவிட்ட சிகையலங்காரம், 'பாகவதர் கிராப்பு' என்ற பெயரோடு இளைஞரைப் பற்றிக்கொண்டது. குடுமியும் அன்று, ஒட்ட வெட்டிய கிராப்பும் அன்று; இரண்டுக்கும் நடுவே தமிழன் கண்டுபிடித்த சமரசம் அது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது பாகவதரின் பாட்டோடு அவர் முடியும் பெயர் பெற்றது. பக்திப் பாத்திரங்களில் நடித்தவரின் முடியை நாகரிகமாகக் கொண்டதில் பெரியோர்க்குக் கோபம் குறைவு. பின்னாளில் வந்த 'ஹிப்பி'த் தலைக்கு அந்த மன்னிப்புக் கிட்டவில்லை.

ஜொகூர் மக்களுக்கு அக்காலம் நன்கு நினைவிருக்கும். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1970களில் நீள்முடி ஆடவர்க்கு எதிரான இயக்கம் நடந்தது. புருவத்தைத் தொடும் முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழிறங்கும் முடி ஆகிய மூன்றையும் படம் வரைந்து காட்டி, இத்தகையோர்க்குக் கடைசியில்தான் சேவை வழங்கப்படும் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்புத் தொங்கியது. 1972இல் லெட் செப்பலின் என்னும் ஆங்கில இசைக்குழு நீள்முடியின் காரணமாக அங்கே நிகழ்ச்சி நடத்த இயலாமற் போயிற்று. மலேசியாவில் 1992ஆம் ஆண்டு, தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மாட் நீள்முடி ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியிலிருந்து விலக்கிவைத்தார். 'சர்ச்' குழுவின் ஏமியும் 'விங்ஸ்' குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்டது நாடெங்கும் பேச்சாயிற்று. கோயிலில் ஆண்டவனுக்குக் கொடுக்கும் முடியை அங்கே அலைவரிசைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்று யார் தலையில்?

இவ்வளவுக்கும் பிறகு இன்றைய அன்றாட வாழ்வில் நீள்முடி தாங்கிய தமிழ் ஆடவர் யாவர்? ஆலயக் குருக்கள் முதல்வர். மேளக் கச்சேரிக்குத் தமிழகத்திலிருந்து வரும் கலைஞரில் சிலர். அருள் வாக்குச் சொல்லும் சாமியாடிகள். அவர்தம் சடையை அம்மன் தந்ததாகவே கருதி கத்தி படவிடார். கார்த்திகை முதல் நாள் மாலையணிந்து 41 நாள் முடியும் தாடியும் வளர்க்கும் ஐயப்ப சுவாமிமார். மனைவி கருவுற்றிருக்கும்போது முடி வெட்டாத கணவன்மார் இன்னும் உண்டு. இவர்களோடு இசைக்கும் விளையாட்டுக்கும் ரசிகராகிய இளைஞர் சிலர். பின்னால் முடிந்து ரப்பர் வளையம் மாட்டிய அவர்கள் கொண்டை, பூட்டனின் குடுமியை அப்படியே ஒத்திருக்கிறது என்று சொன்னால் அவர்களே நம்பமாட்டார்கள்.

மேலே கூறிய பட்டியலில் இடர்ப்படுவோர் சிலர் உளர். நோயுற்ற மகன் பிழைத்தால் மூன்றாண்டு முடி வளர்த்துத் தைப்பூசத்தில் இறக்குவதாகத் தாய் நேர்ந்துகொள்கிறாள். மகன் பிழைத்து எழுகிறான், பள்ளிக்கும் செல்கிறான். பள்ளி விதியோ மாணவன் முடி குட்டையாக இருத்தல் வேண்டும் என்கிறது. சீக்கியப் பிள்ளைக்குக் கேசம் சமயக் கட்டளை. அவன் தலைப்பாகையோடு அமர்வதை எவரும் வினவுவதில்லை. இந்துப் பிள்ளையின் முடி ஒரு குடும்பத்தின் வேண்டுதல், எங்கும் எழுதப்படாதது. ஆலயத் தலைவரிடம் ஒரு கடிதம் பெற்றுத் தலைமையாசிரியரைக் காணச் செல்லும் பெற்றோர் உண்டு. கடிதம் ஏற்கப்படுவதும் படாததும் எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்தைப் பொறுத்தது.

இதில் குறை முழுவதையும் பள்ளியின் மீது சுமத்துவது நேர்மையன்று. விதி வைத்தவர்க்கு எல்லா மாணவரையும் ஒன்றாக நடத்தும் கடமை உண்டு. அதே வேளையில், பிள்ளையின் தலையைத் தாய் நேர்ந்துகொள்ளும்போது பிள்ளை படும் கூச்சத்தையும் நினைத்தல் வேண்டும். வகுப்பில் பின்னலிட்ட ஒரே பையனாக அமர்வது எளிதன்று. தான் செலுத்த வேண்டிய கடனைத் தன் தலையிலேயே ஏற்ற தந்தையர் முற்காலத்தில் இருந்தனர். மகனுக்காக நேர்ந்துகொண்டு மகனோடு தாமும் முடி வளர்த்து, இருவரும் ஒரே நாளில் இறக்கும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. அப்பாவின் தலையும் தன் தலை போலவே இருக்கக் கண்ட பிள்ளைக்குப் பாதிச் சுமை குறையும். முருகன் ஓரிழை முடியையும் ஏற்பான் என்று பெரியோர் கூறுவதும் உண்டு. விதிக்கும் வேண்டுதலுக்கும் இடையே சிக்கிய குடும்பங்கள், கால அளவைத் தளர்த்திக்கொள்வது பற்றிக் குருக்களிடம் கலந்து பேசுவதில் தவறொன்றுமில்லை.

ஆலய நிருவாகங்கள் எண்ண வேண்டியது இன்னொன்று. நம் நாட்டுப் பிள்ளைகள் சிலர் அர்ச்சகர் பயிற்சிக்கு முன்வருகின்றனர். மந்திரமும் முறையும் கற்கத் தயங்காத இளைஞர், சிகை வைத்துக்கொள் என்றவுடன் தயங்குகின்றனர். சந்தைக்குப் போகவேண்டும், நண்பர் திருமணத்துக்குப் போகவேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்பது அவர்கள் கவலை. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கப்படும் குருக்கள்மாரோ சிகையோடு விமானமிறங்கி, சிகையோடு கடைத்தெருவில் காய்கறி வாங்குகின்றனர். அவர்களுக்கு அது உடலின் பகுதி. வேலை அனுமதி முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது ஊரில் இருந்த ஒரே குடுமியும் விமானம் ஏறிவிடுகிறது.

முடி இறக்கும் கைகளுக்கும் அதே நிலைதான். 2018இல் முடிதிருத்தும் நிலையங்கள், ஜவுளிக்கடைகள், பொற்கொல்லர் பட்டறைகள் ஆகிய மூன்று துறைகளிலும் அந்நியத் தொழிலாளரை அமர்த்துவதை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது இந்தியர் கடைகள் கலங்கின. 2023இல் அம்மூன்று துறைகளுக்கும் மீண்டும் வழி திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. உள்ளூர் இளைஞர் நவீனக் கடைகளில் கத்தரிக்கோலை ஏந்த முன்வருகின்றனர். திருவிழா வைகறையில் மணைப்பலகை முன் குந்தி அமர்ந்து, அழும் குழந்தையின் தலையில் சவரக் கத்தியைக் கீறல் படாமல் ஓட்டும் பொறுமைக்கு ஆள் குறைவு. அது தனித் தொழில். தண்ணீர் தெளித்துத் தலையை நன்கு ஊறவைத்தல், உச்சியிலிருந்து முன்னோக்கி இழுத்தல், காதோரத்தில் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தல், ஒவ்வொருவருக்கும் புதிய அலகு மாட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு. இறக்கிய பின் தட்சணையை வெற்றிலை பாக்கோடு கொடுப்பதே மரபு. சீட்டுக்குப் பணம் கட்டியாயிற்றே என்று வெறுங்கையோடு எழுந்து போவது முறையாகாது.

இறக்கிய முடி எங்கே செல்கிறது என்று சிறுவர்கள் கேட்பர். திருப்பதியில் கல்யாண கட்டாவில் சேரும் கேசம் ஏலம் போய்த் தேவஸ்தானத்துக்குக் கோடிக்கணக்கில் வருவாய் தருகிறது. அதிலும் நீண்ட பெண்டிர் கேசத்துக்கே விலை. ஆடவர் கிராப்பை வாங்குவோர் கொடுக்கும் விலை சொற்பம். மூவார் போன்ற ஊர்களின் ஆலயங்களில் சேர்வதோ ஒன்றிரண்டு சாக்கு. முற்காலத்தில் ஆற்றில் விடுவர். இன்று ஆற்றைக் கெடுக்காமல் மண்ணில் புதைப்பதே நலம்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் பலகைகள் காலியாகின்றன. கடைசியாக அமர்ந்த பையனுக்குப் பத்து வயதிருக்கும். மூன்றாண்டு வளர்த்த முடியை அவன் தாய் தானே அவிழ்த்து, எண்ணெய் தடவி, கடைசி முறையாக ஒரு தரம் சீவிவிடுகிறாள். கத்தி ஓடுகிறது. அவன் அழவில்லை. எழுந்து நின்று வெறுந்தலையை இரு கையாலும் தடவிப் பார்க்கிறான், அருகில் அதே கோலத்தில் நிற்கும் தந்தையின் தலையை எட்டித் தடவுகிறான், சிரிக்கிறான். சந்தனத்தைக் குழைத்தபடி பாட்டி அழைக்கிறார். மணி ஒலிக்க, சந்நிதியில் குருக்கள் அவிழ்ந்த சிகையை ஒரு கையால் அள்ளி முடிந்துகொண்டு தீபத்தை ஏற்றுகிறார்.